கடன் வாங்கிய நியூட்ரல்

கொவன்ட்ரியில், ரயில் பாலத்துக்குப் பின்னால்
தோளோடு தோள் நெருக்கிக் கட்டிய
செங்கல் வீடுகளில் ஒன்று.
கதவைத் திறந்த யோகமலர்
எனக்குப் பின்னால் ஒரு ஆணைத் தேடினார்.
வேனில் யாரும் இல்லை.
"பிள்ளை, நீதானோ எலெக்ட்ரீஷியன்?"

புதுப் பெட்டி பூட்டி மூன்று கிழமை.
படிக்கட்டு விளக்கைப் போட்டால்
பாதி வீடு இருண்டுவிடுகிறதாம்,
ஒருநாள் கீழ், ஒருநாள் மேல்.
"அந்தாளின்ர ஹீட்டர்தான்" என்றார்
கூரையைப் பார்த்து.
விக்கினராசா இறங்கவில்லை.
குரல் மட்டும் இறங்கியது:
"கீழ்ச் சுவரில ஈரம் எண்டு சொல்லு."

சொல்லச் சொன்னது என்னிடம்.
நடுப்படியில் நின்றது நான்தான்.

பத்து மாதமாய் இப்படி.
மேல்மாடி அவருக்கு, கீழ் இவருக்கு.
விற்றால் கடன் அடையாத வீடு,
இரண்டு ரைஸ் குக்கர்,
பால் போத்தலில்கூடப் பெயர்.
படி மட்டும் பொது.

ஆர்சிடி என்ற அந்தச் சின்னக் கருவிக்குத்
தெரிந்தது ஒரே கேள்வி:
போனது திரும்பியதா?
லைவில் போன கணக்கும்
நியூட்ரலில் வந்த கணக்கும்
முப்பது மில்லிஆம்ப் பிசகினால் போதும்,
கையை உதறி விழுந்துவிடும்.
காரணம் கேட்காது.
சீட்டுக்காரி கூட ஒரு நாள் தவணை தருவாள்.

ஹீட்டரைச் சோதித்தேன், நல்லது.
சுவரைச் சோதித்தேன், காய்ந்தது.
மேல்படிச் சுவிட்சைக் கழற்றினேன்.
எழுபதுகளின் வயர், சிவப்பும் கறுப்பும்,
பழுப்பும் நீலமும் சட்டமாகாத காலம்.
சிவப்பு, கீழ்ச்சுற்றிலிருந்து ஏறி வருகிறது.
விளக்கை எரித்து முடித்த மின்சாரமோ
வந்த வழியே போகாமல்
கைக்கெட்டிய மேற்சுற்றின் கறுப்பில் புகுந்து
வீடு திரும்புகிறது.

எவனோ ஆறு கெஜம் வயரை மிச்சம் பிடித்த வேலை.
பழைய ஃபியூஸ் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது.
ஐம்பது வருடம் விளக்கு எரிந்தது,
ஒருவரும் குறை சொல்லவில்லை.

எனக்கு இது சிரிப்பில்லை.
நனீட்டனில், வேலை பழகிய முதல் வருடம்,
ஒரு சுற்றை அணைத்து, பூட்டுப் போட்டு,
டெஸ்டரால் இருமுறை தொட்டுப் பார்த்து,
செத்துவிட்டது என்று நம்பி
நியூட்ரலைப் பிரித்தேன்.
நான் அணைக்காத ஏதோ ஒரு சுற்று
என் கை வழியே திரும்பப் பார்த்தது.
வலது கட்டைவிரலில் உளுந்தளவு வெள்ளை
இன்னும் இருக்கிறது.
குளிரில் முதலில் மரத்துப்போகும் இடம் அது.

"அப்ப பிழை ஆரில?"
மேலும் கீழும் ஒரே நேரத்தில் கேட்டன.
வயரில, என்றேன்.
இருவருக்கும் அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சுவரைக் கீறிப் புதுக் கேபிள் இழுத்தேன்.
தன் லைவுக்குத் தன் நியூட்ரல்.
"அப்ப இனி அது என்ர விளக்கோ?"
"உங்கட சுற்றில இருக்கு, அன்ரி."
யோசித்தார்.
"எல்இடி தானே. எவ்வளவு இழுக்கப்போகுது."

இருவழிச் சுவிட்ச். சோதிக்க இரண்டு பேர் வேண்டும்.
"கீழே போடுங்கோ." எரிந்தது.
"மேலே அணையுங்கோ." அணைந்தது.
"இனி மாறி."
போதும் என்று நான் சொன்ன பிறகும்
மேலிருந்து ஒருதரம்,
கொஞ்சம் பொறுத்து
கீழிருந்து ஒருதரம்.
பெட்டி விழவில்லை.

சான்றிதழில் எழுதினேன்:
கடன் வாங்கிய நியூட்ரல், நீக்கப்பட்டது.
கூலி நூற்று எண்பத்தைந்து பவுண்டு.
ஆளுக்குப் பாதி என்று
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு எண்ணி வைத்தார்கள்.
மிச்ச ஒரு பவுண்டை யார் தருவது என்று
முதல் தடவையாக என்னைத் தாண்டி
நேருக்கு நேர் பேசத் தொடங்கினார்கள்,
சத்தமாக.

அந்தப் பவுண்டு இன்னும் வரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.